முழுக் கிண்ணம்

9

"விஷம் விக்கிறே நீ!"

ஷர்ஷேன் போட்ட சத்தத்தில் காரகோல் சந்தையின் மூலிகை வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உலர்ந்த ஏப்ரிகாட் நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்தான். நூடுல்ஸ் கடைப் பெண் கையில் கரண்டியோடு வந்தாள். வேடிக்கை என்றால் நம் ஊர்க்காரர்களுக்குச் சாப்பாடுகூட இரண்டாம்பட்சம்தான்.

சபீர்குல் தன் மூட்டைகளுக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது. முப்பது வருஷமாக அதே இடத்தில் வேரும் விதையும் விற்கிறாள். மலைச் சரிவில் முளைக்கிற செக்கெந்தேச் செடியைக் காயவைத்து இடித்து, தங்கவேர் சேர்த்து, ஓநாய்ப் படம் ஒட்டின டப்பாவில் அடைத்து வைத்திருப்பாள். ஊரில் மல்யுத்தம் பிடிக்கிற பையன்களில் பாதிப்பேர் களத்தில் இறங்கும் முன் அதில் கால் ஸ்பூன் வாயில் போட்டுக்கொள்வார்கள். தூக்கம் ஓடும், நெஞ்சு படபடக்கும், ஆள் முறுக்கேறிப்போவான்.

இன்று காலை மாவட்ட பெல்ட் மல்யுத்த இறுதிப் போட்டி. ஓநாய் டப்பாவில் கால் ஸ்பூன் போட்டுக்கொண்டு இறங்கிய பெக்தூர், இரண்டாவது நிமிஷமே தலையைப் பிடித்துக்கொண்டு அலறி விழுந்தான். அப்போது மணி பத்தரை. இப்போது பன்னிரண்டு. இன்னும் கண் திறக்கவில்லை. இருபத்திரண்டு வயசுப் பையன். ஷர்ஷேனுக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கையின் ஒரே மகன்.

"என் மருமகன் ஆஸ்பத்திரியில கட்டையாக் கிடக்கான். இதத்தானே குடுத்தே?"

கேட்டுக்கொண்டே ஷர்ஷேன் ஒரு டப்பாவைத் திறந்து மண்ணில் கவிழ்த்தான். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நாப்பது பசங்க வாங்கிட்டுப் போறாங்க தம்பி. மத்த முப்பத்தொன்பது பேரும் நல்லாத்தான் நடமாடறாங்க."

"கதை விடாதே. உள்ளே என்ன கலந்தே?"

சபீர்குல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்க வாங்கறவங்க என்ன வாங்கறாங்க, எதுக்கு வாங்கறாங்கன்னு நான் சந்தையில பேசறதில்ல. யார் விஷயத்தையும் பேசறதில்ல. ஆனா என் சரக்குக்கு நானே சாட்சி."

சொன்னவள் மண்ணில் கொட்டியதிலேயே மேலாகக் கால் ஸ்பூன் அள்ளினாள். வாயில் போட்டு, ஆறிப்போன தேநீரை ஊற்றி விழுங்கினாள். "சாயங்காலம் வந்து பாருங்க. உசிரோட இருக்கேனான்னு."

கூட்டத்தில் எவனோ ஒருவன் வீரம் வந்து ஒரு மூட்டையை உதைத்தான். கறுப்பு விதைகள் சேற்றில் சிதறின. சந்தை மேலாளர் ஓடிவந்து கடையை மூடச் சொன்னார். ஷர்ஷேன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். அவன் சொல்லவில்லை. வலது கையைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு திரும்பி நடந்தான்.

வெளியே காரில் குல்சூன் காத்திருந்தாள். அவனுடைய உதவியாளர், ஓட்டுநர், சமயத்தில் மனசாட்சி. இருபத்தாறு வயசு. மூன்று வருஷம் மருந்தியல் படித்தவள். நாலாவது வருஷம் கல்லூரி தன்னைத் தாங்கமுடியாமல் அனுப்பிவிட்டதாக அவளே சொல்லிக்கொள்வாள்.

"என்னண்ணே, சந்தையே அதிருது? நீங்க போட்ட சத்தத்துக்குச் செய்யாத குத்தத்தக்கூட எவனாவது ஒத்துக்குவான் போல இருக்கு."

"வண்டிய எடு."

"எடுக்கறேன். பக்கத்துக் கண்ணாடிய மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்குங்க, விழுந்துடப் போகுது." கண்ணாடியை நீல இன்சுலேஷன் டேப் சுற்றி நிறுத்தியிருந்தான் ஷர்ஷேன். மூக்குக் கண்ணாடியின் காம்பிலும் அதே நீல டேப். போன் சார்ஜரிலும் அதே. "உங்க கல்யாணத்தையும் இதாலதான் ஒட்டி வச்சிருக்கீங்களோ?"

மனைவி மாஸ்கோவில் வேலை பார்க்கிறாள், ஆறு வருஷமாக. ஷர்ஷேன் சிரிக்கவில்லை.

அந்த வலது கைக்கு ஒரு கதை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அது தானாக நடுங்க ஆரம்பித்தது. போலீஸில் பெரிய துப்பறியும் அதிகாரியாக இருந்தவன். கை நடுங்கினால் நம் ஊரில் யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள், வோட்கா என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேர் வருவதற்குள் தானே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்து இந்தத் தனியார் துப்பறியும் தொழிலை ஆரம்பித்தான். தங்கைக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியாது. குல்சூனுக்கும் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். போன மாசத்திலிருந்து கை அடங்கிவிட்டது. எப்படி அடங்கியது என்பது அவனோடு போகட்டும் என்றிருந்தான்.

"காலையிலேர்ந்து பெக்தூர் எங்கெங்க போனான்?" என்றாள் குல்சூன்.

"ஏழு மணிக்கு என்கிட்ட ஆசி வாங்க வந்தான். அங்கேர்ந்து நேரா போட்டிக்குப் போயிட்டான். என் புது தோல் பெல்ட்டு பிடிச்சிருக்குன்னு எடுத்துக்கிட்டான்."

"கேட்டானா?"

"மருமகன் மாமன் வீட்ல கேப்பானா? பிடிச்சத எடுத்துக்குவான். இல்லேன்னு சொன்னா நமக்குத்தான் ஆகாது. நாலு வயசுல குதிரைக்குட்டியையே ஓட்டிட்டுப் போனவன்."

"அடடா, நான் ஏன் உங்க தங்கச்சிக்குப் பொறக்காமப் போனேன்!"

போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் பெக்தூரைப் பார்க்கிற டாக்டர் சைரா. குல்சூன் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"ஷர்ஷேன், அந்தப் பவுடர நானும் பாத்தேன். செக்கெந்தேதான். அது ரத்த அழுத்தத்த ஏத்தும், சரி. ஆனா கால் ஸ்பூனுக்கு இருநூத்தி நாப்பது ஏறாது. கூட இன்னொண்ணு உள்ள போயிருக்கு. அது என்னன்னு எனக்குத் தெரியணும்."

"அவதான் கலந்திருப்பா டாக்டர்."

"யார் கலந்தாங்கங்கறது உங்க கவலை. என்னால ரெண்டு மணிக்கு மேல காத்திருக்க முடியாது. ரத்தம் மூளையில கசிஞ்சா போச்சு. என் கையில ஒரு ஊசி இருக்கு. உள்ள போனது வேற ஏதாவதா இருந்தா அது காப்பாத்தும். நான் சந்தேகப்படறது உள்ள இருந்தா அதே ஊசி கொன்னுடும். எது, எவ்வளவு, ரெண்டும் வேணும்."

வைத்துவிட்டாள். மணி பன்னிரண்டேகால்.

குல்சூன் வண்டியைத் திருப்பினாள். "பையன் பை எங்க இருக்கு?"

"கோச் கிட்ட."

பயிற்சியாளர் இசாக்கின் அறை மல்யுத்தக் கூடத்தின் பின்பக்கம். வியர்வையும் கம்பளியும் நாறுகிற அறை. ஷர்ஷேனைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. ஆனாலும் வந்தவனுக்குத் தேநீர் ஊற்றாமல் இருக்க நம் ஆட்களுக்குக் கை வராதே! இரண்டு கிண்ணம் எடுத்தார். விளிம்பு வரைக்கும் தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தார்.

மதிப்பு இருக்கிற விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவது வழக்கம். சீக்கிரம் தீரும், மறுபடி ஊற்றலாம், பேச்சு வளரும். முழுக் கிண்ணம் என்றால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம்.

குல்சூன் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள். "இத வாசல்லயே சொல்லியிருந்தா டீயாவது மிச்சமாயிருக்குமே கோச்."

இசாக் அவளைக் கவனிக்கவில்லை. "என்ன வேணும் உங்களுக்கு?"

"உங்க பசங்களுக்கு யாரு அந்தப் பவுடரக் குடுக்கச் சொன்னா?" ஷர்ஷேன் மேஜையில் அறைந்தான். தேநீர் சிந்தியது.

"கத்தாதீங்க. பவுடர் போடறதுக்கு முன்னாடியே அவன் சரியில்ல. ஒன்பது மணிக்கு ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். 'கோச், லைட்டெல்லாம் அலை அடிக்குது'ன்னான். இறுதிப் போட்டி பயம்னு நெனச்சேன். நெனச்சது என் தப்புதான். ராத்திரி பகலா அதையே நெனச்சுச் சாகப்போறேன்."

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? வந்தீங்க, டப்பாவப் பாத்தீங்க, தூக்கிட்டுச் சந்தைக்கு ஓடினீங்க. இருபது வருஷம் போலீஸ்ல இருந்தவராம்!"

ஷர்ஷேனுக்குக் காது மடல் சுட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் முதுகுக்குப் பின்னால் குல்சூன் பையைக் கொட்டினாள். துண்டு, அந்தப் புது பெல்ட், உப்புத் தயிர் உருண்டைகள் ஒரு கைப்பிடி, கம்பளிக் காலுறைக்குள் செருகிய ஒரு காலிப் பாட்டில். குளிர்ந்தது சூடேறாமல் இருக்க இப்படிக் காலுறை மாட்டுவது பையன்கள் வழக்கம். நுனி வெட்டிய காலுறை கழுத்துவரை மூடியிருந்தது; வெளியே அடிப்பாகமும் மூடியும் மட்டும் தெரிந்தன.

"இது என்ன கோச்?"

"மக்சிம். காலையில குடிச்சுக்கிட்டே வந்தான்." மக்சிம் என்றால் தானியத்தைப் புளிக்கவைத்த பானம். ஊரே குடிப்பது. அதை யார் சந்தேகப்படுவார்கள்?

குல்சூன் சந்தேகப்பட்டாள். அடிப்பாகத்தை வெளிச்சத்தில் சாய்த்தாள். "மக்சிம் குடிச்ச பாட்டில் எப்படி இருக்கும் கோச்?"

"எப்படி இருக்கும்? அடியில மாவு நிக்கும். சுத்தி உமி ஒட்டியிருக்கும். கழுவறதுக்குள்ள உயிர் போகும்."

"இது கழுவி வச்ச மாதிரி பளிச்சுனு இருக்கு. டீ நிறத்துல நாலு சொட்டு." மூடியைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "த்தூ! கோச், இத ஒருத்தன் முழுசாக் குடிச்சிருக்கான்னா அவனுக்குக் கப் குடுக்கணும்." துப்பிவிட்டு அந்த முழுக் கிண்ணத்தை எடுத்து மடமடவென்று குடித்தாள். "அண்ணே, கெளம்புங்க."

காரில் ஏறியதும் அவள் கேலியை நிறுத்திவிட்டாள்.

"வாந்தி. லைட்டு அலை அடிக்கறது. கசப்பு. எனக்கு ஒண்ணு தோணுதுண்ணே. அதிரஷ்மான்."

ஷர்ஷேன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"அது புகை போடற விதை," என்றான். குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "கண்ணு படாம இருக்க வீடு வீடாப் போடறாங்க. அதனால யாருக்கு என்ன ஆச்சு?"

"புகையால ஒண்ணும் ஆகாது. காய்ச்சிக் குடிச்சாத்தான் வினை." அவள் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் காற்றில் கிண்ணம் பிடித்துக் காட்டினாள். "இப்படி வச்சுக்குங்க. மூளை ஒரு விருந்து வீடு. செக்கெந்தே வாசக் கதவத் தொறந்து விடும். நார் அட்ரினலின்னு ஒரு கூட்டம் உள்ள வந்து குதிக்கும், கூத்தடிக்கும். அதான் அந்த முறுக்கு, அந்தத் தெம்பு. ஆனா அங்க ஒரு நொதி இருக்கு. வீட்டுக்காரன் மாதிரி. ஒவ்வொருத்தனுக்கா முழுக் கிண்ணம் ஊத்தி, போதும்டா கெளம்புன்னு அனுப்பிட்டே இருக்கும். அதனாலதான் கால் ஸ்பூன் போட்டவன் ரெண்டு மணி நேரத்துல சாதாரணமாயிடறான்."

"சரி?"

"அதிரஷ்மான் அந்த வீட்டுக்காரனக் கட்டிப் போட்டுடும். வந்தவன் போகமாட்டான். வந்துக்கிட்டே இருப்பான். வீடு வெடிக்காம என்ன பண்ணும்? ரெண்டும் தனித்தனியா இருந்திருந்தா பையன் சாயங்காலம் கப்போட வீட்டுக்குப் போயிருப்பான்."

ஷர்ஷேன் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். உள்ளே ஏதோ ஒன்று, இல்லை, இருக்காது, இருக்கவே கூடாது என்று முனகியது. ஊரில் எத்தனை வீட்டில் அதிரஷ்மான் இருக்கிறது! எத்தனை வீட்டில் மக்சிம் பாட்டில் இருக்கிறது!

"யாருண்ணே இதக் காய்ச்சி மக்சிம் பாட்டில்ல ஊத்தி வைப்பான்? எந்த மடையன் செய்வான்?"

"தெரியல," என்றான் ஷர்ஷேன்.

பொய் சொல்லத் தெரியாத வயசில்லை அவனுக்கு.

குல்சூன் பணம் மாற்றுகிற கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். "காலேஜ்ல செஞ்ச பிராக்டிகல் எல்லாம் மறந்துபோச்சு. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருக்கு. ஏன்னா அது அழகா இருந்துச்சு. வாங்க."

கடைக்காரன் கூண்டுக்குள்ளிருந்து நிமிர்ந்தான். "டாலரா, ரூபிளா?"

"பாட்டில்," என்றாள் குல்சூன். "கள்ள நோட்டு பாக்கற விளக்க ஒரு நிமிஷம் போடுங்க மாமா. நல்ல பாட்டிலா கள்ளப் பாட்டிலான்னு பாக்கணும்."

வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். கடைக்காரன் ஊதா விளக்கைப் போட்டான். குல்சூன் கம்பளிக் காலுறையை உருவிப் போட்டுவிட்டு, பாட்டிலை விளக்குக்கு அடியில் சாய்த்தாள்.

அடியில் நின்ற நாலு சொட்டும் பற்றிக்கொண்ட மாதிரி நீலமாக எரிந்தன. கூண்டுக்குள் கடைக்காரன் முகம்கூட நீலமாகத் தெரிந்தது.

"அடேயப்பா!" என்றான் அவன்.

"அதிரஷ்மான்," என்றாள் குல்சூன். "வேற எந்தக் கஷாயமும் இப்படிச் சிரிக்காது."

ஷர்ஷேன் அந்தச் சொட்டுகளைப் பார்க்கவில்லை. பாட்டிலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற பாட்டிலோடு கலந்துவிடாமல் இருக்க, கழுத்தில் இரண்டு சுற்று நீல இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.

குல்சூனும் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். அப்புறம் கடைக்கு வெளியே நிற்கிற காரின் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். அப்புறம் ஷர்ஷேனின் மூக்குக் கண்ணாடியை. எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிறவள், பாட்டிலை விளக்குக்கு அடியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டாள்.

ஷர்ஷேனுக்குப் பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. ஒரு லாரி ஓட்டுநர் சொன்ன கைவைத்தியம். விதையைக் காய்ச்சித் தினம் மதியம் இரண்டு ஸ்பூன். கை அடங்கியது உண்மை. யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்ற வெட்கத்தில், பழைய மக்சிம் பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தான். வைத்தவனுக்கு, மாமன் வீட்டில் எதைத் திறந்து எதை எடுத்துப் போனாலும் தனக்கு உரிமை என்று வளர்ந்த மருமகன் ஒருத்தன் இருப்பது மறந்துபோனது.

"இந்த டேப்ப..." ஷர்ஷேன் உதட்டை நனைத்துக்கொண்டான். "இந்த டேப்ப ஊர்ல ஆயிரம் பேர் வச்சிருக்கான்."

சொன்ன நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எத்தனை குற்றவாளிகள் இதே மாதிரி ஒரு வாக்கியத்தை அவன் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள்! எத்தனை பேரைப் பார்த்து அவன் சிரித்திருக்கிறான்!

"ஆமாண்ணே," என்றாள் குல்சூன் மெல்ல. "ஆயிரம் பேர் வச்சிருக்கான்." போனில் டாக்டர் சைராவின் எண்ணை அழுத்தி அவனிடம் நீட்டினாள். "ஆனா பாட்டில்ல எவ்வளவு இருந்துச்சுன்னு அந்த ஆயிரத்துல ஒருத்தனுக்குத்தான் தெரியும். மணி ஒன்னு நாப்பது."

வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷர்ஷேன் போனை வாங்கினான். வாங்கிய கை தடதடவென்று ஆடியது. இந்தத் தடவை அவன் அதைப் பைக்குள் செருகவில்லை.

"டாக்டர், அதிரஷ்மான் கஷாயம். முக்கால் பாட்டில் இருந்துச்சு. கால் கிலோ விதைய வினிகர்ல போட்டுக் காய்ச்சினது." நிறுத்தினான். "எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. இல்ல, கேளுங்க. நான்தான் காய்ச்சினேன். என் குளிர்பெட்டியிலேர்ந்துதான் எடுத்துட்டுப் போயிருக்கான். எனக்குக் கை நடுங்குது. ரெண்டு வருஷமா."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு.

"ஊசியில மருந்த ஏத்திக் கையில வச்சிருந்தேன் ஷர்ஷேன்," என்றாள் சைரா. "கீழ வச்சுட்டேன். வேற மருந்து இருக்கு, போடறேன். நீங்க இனிமே ஒரு சொட்டுகூட அதத் தொடாதீங்க. கைய எடுத்துக்கிட்டு என்கிட்ட வாங்க. வெக்கப்பட வேண்டியது அதுக்கில்ல."

எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

நாலரை மணிக்குப் பெக்தூர் கண் திறந்தான். கட்டில் பக்கத்தில் அம்மா பிபிசாரா. சுவரோரம் குல்சூன். கதவுக்குள் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாக ஷர்ஷேன்.

"மாமா," என்றான் பையன், உதட்டை மட்டும் லேசாக அசைத்து. "உங்க மக்சிம் கெட்டுப்போச்சு. கசப்புன்னா கசப்பு, அப்படி ஒரு கசப்பு. ஆனா மாமன் வீட்டுச் சாமான், அதுவும் ஆசி வாங்கின அன்னிக்கு, கீழ ஊத்தக் கூடாதுன்னு... மூக்கப் பிடிச்சுக்கிட்டு முழுசாக் குடிச்சுட்டேன்."

ஷர்ஷேன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பிபிசாராவுக்கு டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அண்ணனின் ஆடுகிற கையைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "கை நடுங்குதுன்னு என்கிட்ட சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேனா?" என்றாள். "என்ன அவ்வளவு கேவலமா நெனச்சியா நீ?"

அவன் தலை குனிந்து நின்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மகனின் போர்வையைச் சரிசெய்தாள்.

வெளியே வந்ததும் குல்சூன் சாவியைச் சுழற்றினாள். "வீட்டுக்கா?"

"சந்தைக்கு."

சந்தை கலையும் நேரம். மூலிகை வரிசையில் சபீர்குல்லின் கடைக்குக் குறுக்கே மேலாளர் கயிறு கட்டியிருந்தார். அவள் உயிரோடுதான் இருந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சேற்றில் சிதறிய விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணியில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தேநீர்க் குடுவை.

ஷர்ஷேன் அவள் எதிரில் போய் நின்றான். தலையிலிருந்த வெள்ளைக் கல்பாக் தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன்," என்றான்.

அவள் நிமிரவில்லை. "காலையில இவ்வளவு மெதுவாவா பேசினீங்க?"

அவனுக்கு விளங்கியது. மூச்சை இழுத்துக்கொண்டான். காலையில் கத்திய அதே குரலில் கத்தினான்.

"இவங்க சரக்குல விஷம் இல்ல! விஷம் என் வீட்ல இருந்துச்சு! நான் காய்ச்சி, நான் ஒளிச்சு வச்சு, என் மருமகன் குடிச்சான்! என் கை நடுங்குது, அத மறைக்கத்தான் அதக் குடிச்சேன்! இந்தக் கைதான், பாத்துக்குங்க! இவங்க மேல பழி போட்டது நான்தான்!"

ஏப்ரிகாட்காரன் வந்தான். கரண்டிக்காரி வந்தாள். காலையில் மூட்டையை உதைத்தவனும் வந்து, பின்வரிசையில் தலையை மறைத்துக்கொண்டான். மேலாளர் வந்து கயிற்றை அவிழ்த்தார். ஷர்ஷேன் கையை நீட்டிக்கொண்டே நின்றான். எல்லோரும் பார்க்க அது ஆடிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் ஒருவர்கூட வோட்கா என்று முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தாலும் தாங்கியிருப்பான்.

"தெரியும்," என்றாள் சபீர்குல்.

"என்ன தெரியும்?"

"மாசம் அரைக் கிலோ அதிரஷ்மான் என்கிட்டத்தானே வாங்கிட்டுப் போறீங்க. புகை போடன்னு சொல்லி. ஒத்த ஆள் இருக்கற வீட்டுக்கு அத்தன கண்ணா படும்? என்னவோ வியாதி, சொல்ல வெக்கப்படறாருன்னு நெனச்சேன். அது பையன் வாய்க்குப் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா காலையிலேயே போட்டு உடைச்சிருப்பேன்."

அவ்வளவு பேர் நடுவில் அவன் அவளை விஷக்காரி என்று கூவியபோது, அவள் வாயில் இந்த ஒரு வார்த்தை இருந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஷர்ஷேன் கூனிக் குறுகிப்போனான்.

சபீர்குல் குடுவையைத் திறந்தாள். கிண்ணத்தில் தேநீரை ஊற்றினாள். பாதியில் நிறுத்தவில்லை. விளிம்பு வரைக்கும், இன்னொரு சொட்டு விழுந்தால் வழிந்துவிடும் என்கிற அளவுக்கு ஊற்றி, அவன் முன்னால் நீட்டினாள். எல்லோருக்கும் அர்த்தம் தெரியும்.

இடது கை சும்மாத்தான் இருந்தது. ஷர்ஷேன் வலது கையால்தான் வாங்கினான்.

வாங்கிய கணமே தேநீர் தளும்பியது. விரல் வழியாக, மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் சுடச்சுட இறங்கியது. அவன் கிண்ணத்தை விடவில்லை, இன்னொரு கையைத் துணைக்கும் கொண்டுவரவில்லை. உதட்டுக்கு வந்து சேர்வதற்குள் மண்ணில் பாதி போய்விட்டது.

குல்சூன் அவன் தோளுக்கு மேல் எட்டிக் கிண்ணத்துக்குள் பார்த்தாள்.

"அக்கா," என்றாள், "இப்ப பாதிதான் இருக்கு."

சபீர்குல்லும் பார்த்தாள். சிரிக்கவில்லை. காலால் இன்னொரு முக்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"குடிச்சிட்டு உக்காருங்க," என்றாள். "இன்னும் நிறையக் கிடக்கு. அந்தக் கையாலயே பொறுக்குங்க."